இணைச்சீருக்கு நிக்க வேண்டியவ

சாமி, இத நீ ஆபீசுல உக்காந்துட்டு அரைக்கண்ணுல படிக்காத. ரூமுக்குப் போயி, கைகாலக் கழுவிட்டு, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டு அப்புறமாப் படி. போன்ல சொல்லலாமுன்னுதான் பாத்தேன். நான் வாயத் தொறந்ததும் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்"ங்கற. அதான் பேப்பர்ல எழுதி, போட்டோப் புடிச்சு உன்ற வாட்சப்புக்கு அனுப்பறேன். நேத்து நீ உங்கப்பாகிட்டப் பேசுனது அத்தனையும் எனக்குத் தெரியும். அவருக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு, அது உனக்கு மறந்துபோச்சு. "அக்காவ ஒரு ஹோம்ல சேத்தறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேனுங்கப்பா, புதங்கெழம வேன் வரும், அம்மாவ மட்டும் சமாளிச்சுக்கோங்க"ன்னு நீ சொன்னப்ப நான் அடுப்பங்கரையில நின்னுட்டிருந்தேன். நான் மட்டுமில்ல கண்ணு. உன்ற கலியாணத்துக்கு முறுக்கு மாவு பெசஞ்சுட்டு உங்கக்கா கலாமணியும் என்ற பக்கத்துலதான் இருந்தா.

எனக்குக் கோவம் வர்றதுக்கு முன்னால பயம் வந்துபோச்சு. எழுத்துக் கோணக்கோணையாப் போகுது, பொறுத்துக்க. "கலியாணம் முடியற வரைக்குந்தான், கொஞ்ச நாளைக்குத்தான்"ங்கற நீ. நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. இந்த ஊட்டுல "கொஞ்ச நாளைக்கு"ன்னு சொல்லி அனுப்புன ஒரு மனுசன் என்ன ஆனாருன்னு எனக்குத் தெரியும். உனக்கு அரையுங் கொறையுமாத்தான் தெரியும், ஏன்னா உங்கப்பா அதப் பத்தி வாயே தொறக்க மாட்டாரு. நான் தொறக்கறேன். இத உன்ற மாமனார் ஊட்டுக்காரங்க படிச்சாலுஞ் சரி, ஊரே படிச்சாலுஞ் சரி. மறைக்கறதுக்கு எனக்கு இனித் தெம்பில்ல.

உங்கப்பாவுக்கு நேர் எளையவரு உங்க சித்தப்பா. நான் கலியாணமாகி வந்த புதுசுல அவிய கோயமுத்தூரு மில்லுல வேலைக்குப் போயிட்டிருந்தாங்க. வெள்ளச் சட்டையும் எண்ண தேச்ச தலையுமா, பாக்கறதுக்கே லட்சணமா இருப்பாங்க. ஒரு நா மெஷின் ஓடற சத்தத்துக்குள்ள ஆரோ பேரச் சொல்லிக் கூப்புடறாங்கன்னு வேலையப் பாதியில போட்டுட்டு வந்துட்டாங்க. அன்னிக்கு இதுக்கு வைத்தியமுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. மொதக் கோயிலு. அப்புறம் பாலக்காட்டுப் பக்கம் போயி மந்திரிக்கறது. அதுலயும் ஆகலீன்னா கட்டுத்தரையில, மாட்டுக்குப் பக்கத்துல, காலுக்குச் சங்கிலி. மாட்டையாச்சும் பகல்ல அவுத்து மேய உடுவாங்க. நாந்தான் சோறு கொண்டுபோயி வெப்பேன். "அண்ணி, இன்னிக்குக் கொழம்புல உப்பு எச்சாப் போச்சுங்க"ம்பாங்க. கொழம்புல உப்பு எச்சுன்னு கண்டுபுடிக்கற மனுசனப் போயி புத்தி பெரண்டவன்னு கட்டி வெச்சிருந்தாங்க. அவுத்து உடுங்கன்னு சொல்லோணும்போல இருக்கும். ஆனா இருபது வயசுக்காரி பேச்ச அந்த ஊட்டுல ஆரு கேப்பாங்க?

நம்ம பக்கத்துல இதுக்குன்னு டாக்டருக இருக்காங்கன்னே அன்னிக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் ரயிலேறிப் போற தூரத்துல இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிதான். வெள்ளக்காரங் காலத்து மதிலு, ஆனை நொழையற கேட்டு. அந்தக் காலத்துல அந்த மாதிரி எடமெல்லாம் சீக்காளிய ஊருக்குள்ள இருந்து பிரிச்சு வெக்கறதுக்குன்னே கட்டுனது, வைத்தியமெல்லாம் அப்புறந்தான். என்ற மாமனாரு, அதான் உன்ற அப்பாரு, "கொஞ்ச நாளைக்கு"ன்னு சொல்லி அங்க கூட்டிட்டுப் போனாங்க. அப்ப உங்க அத்தைக்கு மாப்பிள்ள பாத்துட்டிருந்த நேரம். ஆஸ்பத்திரியில ஊரக் கேட்டப்ப, அப்பாரு நம்மூர் பேரச் சொல்லல. பொள்ளாச்சிக்கு அக்கட்டால ஏதோ ஒரு ஊரச் சொல்லிப்போட்டாங்க. அங்க நமக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் ஒண்ணுங் கெடையாது. ஆஸ்பத்திரிக் கவரு ஊட்டுக்கு வந்தாப் போஸ்ட்மேன் பாப்பான், போஸ்ட்மேன் பாத்தா ஊரு பாக்கும், ஊரு பாத்தாப் பொண்ணு கலியாணம் நின்னுபோகும். அத்தை கலியாணம் ஜாம்ஜாமுன்னு நடந்துச்சு. முடிஞ்சதும் போயிக் கூட்டியாந்தரலாமுன்னாங்க. அப்புறம் அத்தைக்குப் பிரசவம், அப்புறம் கெணறு வெட்டுனது, அப்புறம் அப்பாருக்கே மேலுக்கு முடியல. அதுக்கப்புறம் ஆரும் அந்தப் பேச்ச எடுக்கல.

சித்தப்பா அங்க நல்லாயிட்டாங்க கண்ணு. அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல. நல்லானவர ஊட்டுக்கு அனுப்பலாமுன்னா, எழுதி வெச்ச ஊருல அவர ஆருக்குந் தெரியாது. "அது எங்கூரே இல்லீங்க, எங்கூரு வேறீங்க, தொண்டாமுத்தூருப் பக்கமுங்க"ன்னு அவரு வாய் வலிக்கச் சொல்லியிருக்காரு. பெத்த அப்பன் சொன்னது ஒண்ணு, பைத்தியம் சொல்றது ஒண்ணுன்னா அந்தக் காலத்துல எதை நம்புவாங்க? எங்கயுமே அன்னிக்குச் சீக்காளி வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்ல. அவரு தலை நரைக்கற வரைக்கும் அங்கயே இருந்தாரு.

அதுக்குள்ள காலம் மாறுச்சு. தெக்க கடலோரத்து ஊரு ஒண்ணுல, சங்கிலியில கட்டிப்போட்டிருந்த சீக்காளிக கொட்டாயோட வெந்து செத்தாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. படிச்சுட்டு நான் ரெண்டு நாளு சோறு திங்கல. கோர்ட்டு கேள்வி கேட்டுச்சு, அதுக்கப்புறந்தான் சர்க்காருக்கு முழிப்பு வந்துச்சு. கட்டி வெக்கறது குத்தமுன்னாங்க. அந்தந்த ஜில்லாவுலயே டாக்டரப் போட்டாங்க. வருசக்கணக்கா ஆஸ்பத்திரியில கெடக்கறவங்கள ஊடு தேடிக் கொண்டுபோயி சேத்தோணுமுன்னாங்க. அப்படித்தான் ஒரு நா நம்மூட்டு வாசல்ல ஒரு ஜீப்பு வந்து நின்னுச்சு. நீ அப்ப காலேஜு ஹாஸ்டல்ல இருந்த. நான் வெளியூருக்கு ஒரு எழவுக்குப் போயிருந்தேன். ஊட்டுல உங்கப்பாவும் அக்காளுந்தான். அவதான் எனக்குச் சொன்னா.

ஜீப்புல இருந்து ஆஸ்பத்திரியில வேல பாக்கற ஒரு சின்ன வயசுப் பொண்ணு எறங்கி, "இவரு சொன்ன ஊர இத்தன வருசமா ஆருமே போயிப் பாக்கலீங்க, நான்தான் விசாரிச்சுட்டுக் கூட்டியாந்தேன். இவரு உங்க தம்பிங்களா?"ன்னு கேட்டிருக்குது. உங்கப்பா பாத்தாரு. தலையெல்லாம் வெள்ளையா, பொக்க வாயோட நிக்கறது ஆருன்னு தெரியாமயா இருக்கும்? "இந்த ஊட்டுல அப்படி ஆருமில்லீங்க"ன்னுட்டாரு. சித்தப்பா அந்தப் பொண்ணு பக்கந் திரும்பி, "எனக்குத்தானுங்க ஊடு தப்பிப்போச்சு. அவியளத் தொந்தரவு பண்ண வேண்டாமுங்க, வாங்க போலாம்"ன்னு சொல்லிட்டு அவராவே போயி ஜீப்புல ஏறிக்கிட்டாரு. கூடப் பொறந்தவன் மானத்தக் காப்பாத்திட்டுப் போனாரு. நான் வந்து கேள்விப்பட்டு, உங்கப்பாவ வாய்க்கு வந்தபடி வெஞ்சுபோட்டு, நகைய அடமானம் வெச்சாச்சும் போயிக் கூட்டியாரேன்னு கெளம்புனேன். அங்க போயிச் சேர்றதுக்குள்ள அவரு போய்ச் சேந்துட்டாரு.

உங்கப்பா கெட்டவரில்ல சாமி. ஏன் அப்படிச் சொன்னாருன்னா, அப்பவே அக்காளுக்குச் சீக்கு வந்து மருந்து சாப்புட்டுட்டிருந்தா. தம்பிக்கும் அப்படி, மகளுக்கும் அப்படின்னா பரம்பரச் சீக்குன்னு பேராயிரும், நாளைக்கு உனக்குப் பொண்ணு கெடைக்காதுன்னு பயந்துட்டாரு. பாத்துக்க, அத்தை கலியாணத்துக்குச் சித்தப்பா போனாரு. உன்ற கலியாணத்துக்காக அவரு திரும்பப் போனாரு. இப்ப அதே கலியாணத்துக்கு உங்கக்கா போகோணுமுங்கற. இன்னும் எத்தன பேரத்தான் இந்த ஊடு திங்கும்?

அக்கா கதை உனக்குத் தெரியும், ஆனா தூரத்துல இருந்துதான் தெரியும். திருப்பூரு கம்பெனியில நல்லா வேல பாத்துட்டிருந்தவ, ஜன்னலுக்கெல்லாம் பேப்பர் ஒட்டிட்டு இருட்டுல உக்காந்தா. உங்கப்பா மறுக்காவும் பாலக்காட்டுக்குத்தான் காரு பேசுனாரு. நான் காருல ஏறல. அவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு டவுன் பஸ்ஸேறிக் கோயமுத்தூரு கவருமெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதிலுமில்ல, கேட்டுமில்ல. காச்சக்காரன், கையொடிஞ்சவன், புள்ளத்தாச்சி எல்லாருக்கும் நடுவுல நாங்களும் வரிசையில நின்னோம். நான் டாக்டரம்மாகிட்டப் பொலம்ப ஆரம்பிச்சேன். அவங்க, "நீங்க சித்த கம்முனு இருங்கம்மா"ன்னுட்டு, அக்கா பக்கந் திரும்பி, "நீ சொல்லு அம்மணி, உனக்கு என்ன பண்ணுது?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பொசுக்குன்னு அழுக வந்துபோச்சு. இந்த ஊட்டுல சீக்காளியப் பாத்து ஆருமே கேக்காத கேள்வி கண்ணு அது.

எல்லாம் சரியாப்போச்சுன்னு உனக்குப் பூச்சுத்த மாட்டேன். மாத்திரையில ஒடம்பு பெருத்துது, கையி நடுங்குது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கே டாக்டரு வர்றாங்கன்னு சந்தோசப்பட்டா, பாதி நேரம் "மருந்து அடுத்த வாரமுங்க"ம்பாங்க. ஒரு டாக்டருக்குக் கதையெல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவரு மாத்தலாயிப் போயிருவாரு, அடுத்து வர்றவருக்கு மொதல்ல இருந்து சொல்லோணும். சட்டத்த மாத்துனவங்க மருந்துக் கட்டையும் ஒழுங்கா அனுப்புனா அவங்களுக்குக் கோயிலே கட்டலாம். அப்படியிருந்தும் அவ எந்திரிச்சுட்டா. இப்ப அவளாவே பஸ்ஸேறிப் போயி மாத்திரை வாங்கியாறா. தக்காளி நாத்து, கத்திரி நாத்தெல்லாம் அவ கையில உட்டா ஒண்ணு பட்டுப்போகாது.

போன மாசம் பொழுதோட டீ குடிச்சுட்டிருக்கறப்ப, "ஏனுங்கம்மா, வாழைக்குள்ள என்னமோ சத்தங் கேக்குதுங்க"ன்னா. உங்கப்பா தலையக்கூடத் தூக்காம, "இன்னிக்கு மாத்திரை போட்டியா?"ன்னாரு. "போட்டாச்சுங்க"ன்னா. "போயிப் படு, சரியாப்போகும்"னாரு. அவ உள்ள போயிட்டா. வெடியாலப் போயிப் பாத்தா, ஆனை பூந்து பாதி வாழையச் சாச்சுப் போட்டுட்டுப் போயிருக்குது. உங்கப்பா தலையில கைய வெச்சுட்டு வரப்புல உக்காந்தாரு. அவ போயி, "அப்பா, ஆனைக்கு மாத்திரை குடுத்திருக்கோணுமுங்க"ன்னா பாரு! நான் சிரிச்சு சிரிச்சு எனக்குப் பொறையேறிப்போச்சு. உங்கப்பாவும் சிரிச்சுட்டாரு. இந்தப் புள்ளையத்தான் நீ ஹோம்ல போடறங்கற.

உனக்கும் என்ன நெருக்கடின்னு எனக்குப் புரியாம இல்ல. சம்பந்தி ஊட்டுல உங்கக்கா மஸ்கட்டுல வேலையில இருக்கறான்னு நீயும் உங்கப்பாவுஞ் சொல்லிப்போட்டீங்க. நிச்சயத்தன்னைக்கு அவளப் பெரியப்பா ஊட்டுல உக்கார வெச்சாச்சு. ஆனா முகூர்த்தத்துல என்ன பண்ணுவ? நம்ம சனத்துல மாப்பிள்ளைக்கு இணைச்சீர் இல்லாமக் கலியாணம் உண்டா? பொண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையோட ஒரு நுனிய நீ புடிக்கோணும், மறு நுனியக் கூடப் பொறந்தவ புடிக்கோணும். நாளைக்கு ஒரு வழக்கு, ஒரு வம்புன்னா இந்த ஊட்டுல அவளுக்கும் பாத்தியம் இருக்குதுன்னு சபையறியச் சொல்ற சீரு அது. அதுக்குப் பெரியப்பா மகளப் பேசி வெச்சிருக்கற. சீர் செய்யற அருமைக்காரரு என்னைய வழியில பாத்து, "கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப ஏனுங்க பங்காளி ஊட்டுப் புள்ள?"ன்னாரு. "அவளுக்கு இன்னுங் கலியாணமாகலீங்களே"ன்னு சமாளிச்சேன். "நான் அதக் கேக்கலீங்க, கூடப் பொறந்தவளா இல்லையா, அதச் சொல்லுங்க"ன்னாரு. நான் வந்த பஸ்ஸுல ஏறிட்டேன்.

நீ கட்டிக்கப்போற புள்ளைகிட்ட நேராச் சொல்லு கண்ணு. கலியாணம் நின்னுபோகுமுன்னா நிக்கட்டும். பெத்தவ வாயில வர்ற பேச்சா இதுன்னு நெனைக்காத, நெஞ்சு வெடிச்சுத்தான் சொல்றேன். நாளைக்கு உனக்கே மனசு சரியில்லாமப் போனா, அந்தப் புள்ள உன்னைய எந்த வேன்ல ஏத்தும்? அதுக்கு நீயே வழி காட்டிக் குடுத்துட்டுத் தாலி கட்டாத. எனக்கு மூட்டும் போச்சு, சக்கரையும் ஏறிக் கெடக்குது. எனக்கப்புறம் அவளுக்கு ஆருன்னு நெனச்சாலே சோறு எறங்க மாட்டேங்குது.

இன்னும் ஒண்ணு உனக்குத் தெரியாது. போன வருசம் டாக்டரம்மா புதுச் சட்டத்தப் பத்தி அவளுக்கு வெவரமாச் சொன்னாங்க. இனி அவளைய நெனச்சபடி ஆரும் பூட்டி வெக்க முடியாதாம். திரும்பவுஞ் சீக்கு எச்சாயி அவளால முடிவெடுக்க முடியாமப் போனா, அவ சார்பாப் பேசறதுக்கு ஒரு ஆள அவளே முன்கூட்டிச் சொல்லி வெக்கலாமாம். "ஆரச் சொல்ற அம்மணி?"ன்னு கேட்டாங்க. நான் சேலைய இழுத்து உட்டுட்டு நிமுந்து உக்காந்தேன். பஸ்ஸுல கூட்டிட்டு அலைஞ்சவ நாந்தான? அவ உன்ற பேரச் சொன்னா. எனக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு, பொய் சொல்லல. பஸ்ஸுல வர்றப்ப, "ஏம்மணி, நானெல்லாம் உனக்கு ஆளாத் தெரீலியா?"ன்னு கேட்டேன். "நீங்க எனக்கு முன்னால போயிருவீங்கம்மா. தம்பி இருப்பான்"னா. உன்கிட்டச் சொல்லோணும் சொல்லோணுமுன்னு இருந்தேன். நீ எப்பவும் மீட்டிங்குல இருந்த.

இப்ப, இன்னிக்கு ஊட்டுல என்ன நடக்குதுன்னு சொல்றேன். நேத்து உன்ற போன் பேச்சக் கேட்டதும் அவ மாவுக் கைய மெதுவாக் கழுவுனா. கத்தல, அழுகல. எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துபோச்சு. இன்னிக்குப் பெரியப்பா மக இணைச்சீருக்கு ஜாக்கெட்டு அளவு பாக்க வந்தா. உங்கக்கா பீரோவத் தொறந்து, நாத்து வித்து அவ எடுத்து வெச்சிருந்த அரக்குப் பட்டுச் சேலைய எடுத்து, "இது உனக்குத்தான் எடுப்பா இருக்கும்"னு அந்தப் புள்ளைக்குக் கட்டி உட்டா. மண்டி போட்டு உக்காந்து, நடுங்கற கையில ஒவ்வொரு கொசுவமா நீவி உட்டா. நுனிய எப்படிப் புடிக்கோணும், எந்தப் பக்கம் நிக்கோணும், எல்லாஞ் சொல்லிக் குடுத்தா. எத்தன நாளு தனியா நின்னு பழகியிருந்தாளோ! அந்தப் புள்ள அழுதுட்டே ஓடிப்போயிட்டா.

அப்புறம் அவ துணிமணிய ஒரு பையில எடுத்து வெச்சா, மாத்திரையையும் வெச்சா. "நீ எங்கயும் போக வேண்டாஞ் சாமி, நான் கேட்டப் பூட்டிப்போடறேன், எந்த வேனு வந்தாலும் பாத்துக்கலாம்"னு கத்துனேன். "ஏனுங்கம்மா இப்படிப் பண்றீங்க? தம்பி சொன்னாச் சரிதானுங்க. நாந்தானுங்க அவம் பேரச் சொன்னேன்"னா.

கேட்டியா கண்ணு? அவ மாட்டேன்னு அழுதாக் கட்டிப் புடிச்சுட்டு நின்னுருவேன். போலீசக் கூப்புடுவேன், ஊரக் கூட்டுவேன், வேனு முன்னாடிப் படுத்துருவேன். தானா வந்து ஏறிக்கறவளத் தடுக்கறதுக்கு எங்கிட்ட ஒரு வழியுமில்ல. நான் சொன்னா அவ கேக்க மாட்டா. நீ சொன்னாக் கேப்பா. எனக்குக் கூப்புடாத, அவ போனுக்குக் கூப்புடு. புதங்கெழமைக்கு முந்தியே கூப்புடு சாமி.